முன்பாதி

எங்கள் வீட்டில் மாலை ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தால் முதல் பத்து மணிகள் ஓரளவுக்கு ஓடும். இரண்டாவது பத்தில் மூச்சு வாங்கும். மூன்றாவதில், ஏற்காடு மலை ஏறும் பாரவண்டி போல முனகும். நான்காவதில் நின்றே விடும். ஏன் நிற்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஓடுகிற எஞ்சின் ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவனுக்கு இது தெரியவில்லை.

நிற்கும்போது நடப்பதைச் சொல்கிறேன். ராசிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நானும் மனைவி ஃபாத்திமாவும் பாயில் உட்கார்ந்திருப்போம். எதிரே மாதா படத்துக்குக் கீழே தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த போன். போனுக்குள் பெங்களூரு. அங்கே ஒரு பெண்கள் விடுதியின் மாடிப்படியில், கையில் ஜெபமாலையோடு எங்கள் ஒரே மகள் ரோசி. போன ஜூனில் அங்கே ஒரு ஆஸ்பத்திரி லேப்பில் வேலைக்குச் சேர்ந்தாள். அறையில் கூட இருக்கும் பெண் அந்த நேரத்தில் சீரியல் பார்ப்பாள் என்பதால் ரோசி படிக்கட்டுக்கு வந்துவிடுவாள்.

சட்டென்று எல்லாரும் நிறுத்துவோம்.

"நீ சொல்லு சாமி."

"நீங்க சொல்லுங்கப்பா."

சற்றுக் காத்திருப்போம். பிறகு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்கும். மறுபடி இரண்டு பக்கமும் நிறுத்தும்.

"ஏங் கண்ணு இப்படி இழுக்கறே?" என்பாள் ஃபாத்திமா.

"நானா? நீங்கதானுங்கம்மா இழுக்கறீங்க. நான் உங்க கூடவேதான் சொல்றேன்."

"எங்க கூடவா? நாங்க முடிச்சு மூச்சு உட்டு, வெளிய போயி பால் வாங்கிட்டு வந்ததுக்கப்புறந்தான் நீ முடிக்கறே."

"பொய் சொல்லாதீங்கம்மா, சாமி முன்னாடி உக்காந்துட்டு."

முதல் வாரத்தில் இதற்குச் சிரித்தோம். இரண்டாவது வாரத்தில் புன்னகைத்தோம். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. எனக்குப் பிடிபடாத இடம் இதுதான்: ஃபாத்திமா பொய் சொல்பவள் அல்ல, ரோசியும் அல்ல. ஒருத்தி மற்றவள் பின்தங்குகிறாள் என்கிறாள். மற்றவள், இல்லை, நான் சேர்ந்தேதான் வருகிறேன் என்கிறாள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

ஜெபமாலை பழக்கம் இல்லாதவர்களுக்கு அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் என் சிக்கல் புரியாது. அது பத்துப் பத்தாக, மொத்தம் ஐந்து பத்தாகக் கோத்த மணிகள். ஒவ்வொரு மணிக்கும் ஒரு சிறிய மாதா ஜெபம். அந்த ஜெபத்தை நடுவில் பிளந்து இரண்டு பாதியாக்கி வைத்திருக்கிறார்கள். முன்பாதி மாதாவை வாழ்த்துவது. பின்பாதி எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று கேட்பது. ஒருவர் முன்பாதி சொல்வார், மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து பின்பாதி சொல்வார்கள். ஒருவர் சொல்லும்போது மற்றவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். எத்தனை மணி சொன்னாலும் களைப்புத் தெரியாது. யார் யோசித்து வைத்தார்களோ, நல்ல ஏற்பாடு. மரம் அறுக்கும் இழுவாளை இரண்டு பேர் மாறி மாறி இழுப்பது போல.

எங்கள் வீட்டில் முன்பாதி என்னுடையது. என் அப்பா இருந்தவரை அவருடையது. என் கல்யாணத்துக்கு முன்பே அவர் போய்விட, எனக்கு வந்தது. கல்யாண வீட்டில் மாலை மாற்றுவது போல அதற்கு ஒரு சடங்கும் கிடையாது. அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று மாலை எல்லாரும் முழங்காலில் இருந்தார்கள், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் ஆரம்பித்தேன். அவ்வளவுதான். ஃபாத்திமாவும் ரோசியும் பின்பாதி.

ரோசியின் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பெயர் ஜெபமாலை மேரி. அக்டோபரில் பிறந்தாள், அது ஜெபமாலை மாதம். என் பெயர் தோமினிக். மனைவி பெயரைக் கேட்டு, "பாய் ஊட்டுப் பொண்ணுங்களா?" என்று விசாரிக்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை. "இல்லீங்க, அது மாதா பேருங்க. போர்ச்சுகல்ல மாதா காட்சி குடுத்த ஊருங்க" என்று விளக்கி விளக்கி அவளுக்கு அலுத்துப்போயிற்று. இப்போதெல்லாம், "ஆமாங்க, பக்ரீத்துக்குப் பிரியாணி அனுப்பறேன்" என்று சொல்லிவிடுகிறாள்.

ரோசிக்குப் பேச்சு வந்ததும் பின்பாதியும் வந்துவிட்டது. ஆனால் அதை அவள் எங்கள் ஊர்க் குழந்தையாகத்தான் கற்றுக்கொண்டாள். பெரியவர்கள் யாராக இருந்தாலும் 'ங்க' போட்டுப் பேச வேண்டும் என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். பால்காரருக்கு ங்க, கண்டக்டருக்கு ங்க, பக்கத்து வீட்டு நாய்க்குக்கூட ஒருமுறை "போங்க" என்றாள். ஜெபத்திலோ மாதாவிடம் "வேண்டிக்கொள்ளும்" என்று முடியும். 'கொள்ளும்' என்பதில் எங்கே மரியாதை இருக்கிறது? குழந்தைக்கு அது குறையாகப் பட்டிருக்க வேண்டும். "எங்களுக்காக வேண்டிக்கோங்க" என்றுதான் சொல்வாள். அதோடு நிற்காமல் கடைசியில் வரும் 'ஆமென்' அவள் வாயில் "ஆமாங்க" ஆகிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் "ஆமென்" என்போம், நடுவில் ஒரு கீச்சுக்குரல் மட்டும் "ஆமாங்க!"

திருத்திப் பார்த்தேன். "சாமி, அது ஆமாங்க இல்ல, ஆமென்."

"ஆமென்னா என்னங்கப்பா?"

"அப்படியே ஆகட்டும், ஆமான்னு அர்த்தம்."

"ஆமான்னு சொன்னா அடிப்பீங்க. ஆமாங்கன்னுதான் சொல்லோணும்."

எங்கள் பங்குச் சாமியார் ஒருநாள் வீடு மந்திரிக்க வந்தவர் இதைக் கேட்டுவிட்டு, தீர்த்தச் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அர்த்தம் சரியாத்தான் இருக்குது, உடுங்க தோமினிக்" என்றார். ஒன்றாம் வகுப்பில் ஞாயிறு மறைக்கல்விக்குப் போனதும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து தானாகவே ஆமென் ஆகிவிட்டது. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கொஞ்ச நாள் என் காது அதைத் தேடிக்கொண்டே இருந்தது.

'சாமி' என்ற சொல்லும் அவளுக்கு ஒரு குழப்பம். எங்கள் பக்கம் குழந்தையும் சாமி, பெரியவர்களும் சாமி, கோயில் பாதரும் சாமி, கும்பிடுவதும் சாமி. "சாமி, சாமி வந்திருக்காரு, ஓடிப்போய்ச் சாமி படத்துக்கிட்ட வெளக்கு ஏத்து" என்று ஃபாத்திமா சொன்னதைக் கேட்டு, நின்ற இடத்திலேயே யோசித்துவிட்டு, "இதுல நான் எந்தச் சாமிங்கம்மா?" என்று கேட்டாள்.

அவள் வளர்ந்ததை நான் பள்ளி வகுப்புகளால் நினைவு வைத்திருக்கவில்லை, இந்தப் பின்பாதியால்தான் நினைவு வைத்திருக்கிறேன். மூன்றாவது பத்தில் அம்மா மடியில் சாய்ந்து தூங்கிப்போவது ஒரு காலம். தூக்கத்திலேயே உதடு மட்டும் அசையும். பிறகு மணிகளைத் தானே எண்ணுவேன் என்று அடம் பிடித்த காலம். ஒன்பதா பத்தா என்று தினமும் வழக்கு. மின்சாரம் போன நாட்களில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சுவரில் தன் ஜெபமாலையின் நிழலை ஆட்டிக்கொண்டே சொன்ன காலம். அப்புறம் பத்தாம் வகுப்பு. படிக்க வேண்டும் என்ற அவசரத்தில் பின்பாதி முழுவதையும் ஒரே சொல்லாக்கி, நான் முன்பாதியை முடிப்பதற்குள் ஏறி வந்துவிடுவாள். "பஸ் போயிருமா சாமி? மெதுவா" என்பேன். அந்த மகளைத்தான் இப்போது "இழுக்கறே" என்று அவள் அம்மா சொல்கிறாள்.

சரி, பழுதுக்கு வருவோம்.

நாமக்கல் ரோட்டில் எனக்கு டீசல் பம்ப் சர்வீஸ் கடை. லாரி எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பம்பைக் கழற்றிப் பெஞ்சில் ஏற்றி ஓட்டிப் பார்த்துச் சரிசெய்து கொடுப்பேன். இந்த வேலையில் முக்கியமானது டைமிங். பிஸ்டன் மேலே வந்த பிறகு டீசலைப் பீய்ச்சினால் காலம் தவறிவிடும். ஏனென்றால் டீசல் பற்றி எரிய ஒரு நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தைக் கணக்கில் வைத்து, பிஸ்டன் வருவதற்கு முன்பே பீய்ச்சிவிட வேண்டும். இதற்கு அட்வான்ஸ் வைப்பது என்று பெயர்.

போனில் தாமதம் இருக்கிறது என்பது எனக்குப் புரிந்திருந்தது. நேராகப் பேசும்போது நாம் அதைக் கவனிப்பதில்லை, ஆனால் இருக்கிறது. போன் நம் குரலைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறது. அந்தப் பக்கத்துப் போன், எல்லாப் பொட்டலமும் வந்து சேரட்டும் என்று சற்றுக் காத்திருந்து, வரிசையாக அடுக்கி, பிரித்துத் தருகிறது. பார்சல் ஆபீசில் நடப்பதேதான். அதற்கு ஒரு நொடியோ, நொடியில் பாதியோ ஆகும். விடுதி வைஃபை மோசமாக இருந்தால் இன்னும் கூடும்.

தாமதம் இருந்தால் அட்வான்ஸ் வைக்க வேண்டியதுதானே? ரோசியிடம் சொன்னேன்: "நான் முன்பாதியை முடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே நீ பின்பாதியை ஆரம்பிச்சிரு. இங்க வந்து சேரும்போது அம்மா கூடச் சேந்துக்கும்."

அன்று எங்கள் கூடத்தில் அருமையாக ஓடியது. ஃபாத்திமாவின் குரலும் மகளின் குரலும் ஒட்டி வந்தன. எனக்கு அவள் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. ஒரு பத்து முடிந்ததும், "எப்படிச் சாமி?" என்று பெருமையோடு கேட்டேன்.

அவள் ஜெபமாலையை விரலில் சுற்றினாள். பிறகு, "உங்களுக்கு நல்லா இருந்துச்சுங்களாப்பா?" என்றாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

"எனக்கு, நான் மட்டும் முன்னால ஓடீட்டு, பின்னால யாருமே வராத மாதிரி இருக்குதுங்க."

அட்வான்ஸைக் கழற்றிவிட்டேன்.

மறுநாள் கடையில் பம்ப் வாங்க வந்த லாரிக்காரர் ராசுவிடம் இதைப் புலம்பினேன். ராசு புதுச்சத்திரத்துக்காரர், என் பழைய வாடிக்கை. டீயை ஆற்றிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"ஏனுங்க தோமினிக், எட்டு வீல் வண்டிக்கு டைமிங் வெக்கறீங்க, ஒரு மாதாவுக்கு வெக்க முடியலீங்களா?"

"மாதா கிட்டக் கோளாறு இல்லீங்க. லைன்ல கோளாறு."

"அப்ப லைனை உட்டுப்போட்டு நீங்க இங்க கும்புடுங்க, புள்ள அங்க கும்புடட்டும். சாமிக்கு ரெண்டு ஊட்டு அட்ரசும் தெரியாமயா போயிரும்?"

அவர் விளையாட்டாகச் சொன்னார். அதையே அந்த வாரக் கடைசியில் என் மகள் விளையாட்டில்லாமல் சொன்னாள். அன்றும் நான்காவது பத்தில் நின்றது. நான் காத்திருந்தேன், அவள் காத்திருந்தாள். போனில் அவள் முகம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்பா, நீங்க அங்க சொல்லிக்கோங்க. நான் இங்க தனியாச் சொல்லிக்கிறேனுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அடுத்த நாளிலிருந்து ஜெப நேரத்தில் அழைப்பு இல்லை. இரவு சாப்பிட்ட பிறகு ஒரு செய்தி மட்டும் வரும்: "சொல்லிட்டேன்பா." கூடவே கைகூப்பும் பொம்மை. நாங்கள் இரண்டு பேரும் சொம்பையும் போனையும் எடுத்து வைத்துவிட்டு ஜெபித்தோம். நான் முன்பாதி, ஃபாத்திமா பின்பாதி. தடங்கல் இல்லாமல் சீக்கிரமே முடிந்துவிட்டது. முடிந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்போம்.

பிள்ளைகள் கோயிலை விடுவதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் ஒருநாள் எழுந்து நின்று, இனி வரமாட்டேன் என்று சொல்வதில்லை. முதலில் வீட்டோடு சேர்ந்து சொல்வது நிற்கும். பிறகு தனியாகச் சொல்வது சுருங்கும். பிறகு கைகூப்பும் பொம்மை மட்டும் மிஞ்சும். ஆனால் உண்மையைச் சொன்னால் என் பயம் பக்தியைப் பற்றி மட்டும் இல்லை. அவள் எங்களோடு பேசும் மற்ற நேரமெல்லாம் சாப்பிட்டாயா, லேப்பில் கூட்டமா, துணி காய்ந்ததா என்பதோடு முடிந்துவிடும். இந்த அரை மணி நேரம்தான் பேச ஒன்றுமில்லாமலே அவளோடு இருக்கிற நேரம். அது போனால் எங்களிடம் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

"நெசமாவே சொல்றாளான்னு கேட்டுப் பாக்கட்டுமா?" என்றேன்.

"கேளுங்க" என்றாள் ஃபாத்திமா, வெங்காயம் உரித்துக்கொண்டே. "போலீசு மாதிரி கேளுங்க. அப்புறம் அந்த மெசேஜும் வராது."

கேட்கவில்லை.

ரோசி சின்னவளாக இருந்தபோது ஒருநாள் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தோம். எதிர்க்கரையில் ஒருவர் துணியைக் கல்லில் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார். துணி கல்லில் விழுந்து, அவர் அடுத்த அடிக்குக் கையை ஓங்கும்போதுதான் 'டொப்' என்ற சத்தம் எங்களிடம் வந்தது. ரோசி அதைக் கவனித்துவிட்டு, "ஏனுங்கப்பா, அவரு சத்தம் அவரு கூட வராம பின்னால வருது?" என்றாள். வெளிச்சம் வேகமாக வரும், சத்தம் நடந்து வரும் என்று எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துவிட்டு, "அப்ப நாம கும்புடறது சாமிக்கு எப்பப் போய்ச் சேரும்?" என்றாள். "அது தெரியலை சாமி" என்றேன். "ஆனா போயிரும்ல?" என்றாள். "போயிரும்" என்றேன். அது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. எதிர்க்கரையில் இருக்கும்வரை சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வரும், ஆனால் முழுசாக வரும்.

அக்டோபரில் நல்ல மழை. கடையின் தகரக்கூரை ஒழுகுகிறதென்று மேலே ஏறி நனைந்ததில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சாதாரணக் கட்டல் இல்லை. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. அந்த வாரத்தில்தான் ரோசியின் பிறந்தநாள் வந்தது. பிறந்தநாளும் அதுவுமாக அவளே மாலையில் அழைத்தாள். அம்மாவும் மகளும் பேசினார்கள். நான் கையை ஆட்டினேன்.

"இன்னைக்கு ஒரு நாள் சேந்து சொல்லலாமுங்களா?" என்று அவளே கேட்டாள்.

ஃபாத்திமா என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைக் காட்டிக் கையை விரித்தேன்.

"அப்பாவுக்குச் சத்தமே வல்ல கண்ணு. எனக்கும் அடுப்புல கொழம்பு கொதிக்குது, எந்திரிச்சு எந்திரிச்சுப் போகோணும். நீயே முன்பாதி சொல்லு."

"நானா?"

"பின்ன யாரு, ஹாஸ்டல் வார்டனா?"

ரோசி ஆரம்பித்தாள். முதலில் தயங்கினாள். அவள் முன்பாதி சொல்லி நான் கேட்டதே இல்லை. முடித்ததும் ஃபாத்திமா பின்பாதியைச் சொன்னாள், நானும் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தேன். அடுத்தது. அடுத்தது. முதல் பத்து முடிந்தது. இரண்டாவது பத்தில் மூச்சு வாங்கவில்லை. மூன்றாவதில் முனகவில்லை. நான்காவது வந்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், நிற்கப் போகிறது என்று. நிற்கவில்லை. ஒவ்வொரு மணிக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. ஆனால் யாரும் யாருக்காகவும் இழுக்கவில்லை. கடைசி மணிவரை ஓடியது.

"இன்னைக்கு லைன் நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டு ரோசி போனை வைத்தாள். ஃபாத்திமாவும் அதையேதான் சொன்னாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அதனால் தொண்டை சரியான அன்று மாலை நாங்களாகவே அழைத்து, வழக்கம்போல நான் முன்பாதியை எடுத்தேன். என் இடம் அது. எவ்வளவு நாளாயிற்று என்ற ஆசையில் நன்றாகவே சொன்னேன். இரண்டாவது பத்திலேயே ஃபாத்திமா நிதானித்தாள், ரோசி இழுத்தாள், மூன்றாவதில் எல்லாரும் நின்றோம். லைன் அன்றும் நன்றாகத்தான் இருந்தது. படம் கண்ணாடி போலத் தெரிந்தது. அவள் கழுத்துச் சங்கிலியில் இருக்கும் சிலுவைகூடத் தெரிந்தது.

அந்த அமைதியில் எனக்குப் பிடிபட்டது. ஒரு எஞ்சினில் எல்லாவற்றையும் மாற்றாமல் விட்டு, ஒன்றை மட்டும் மாற்றி, கோளாறு வந்தால் கோளாறு அங்கேதான். போன் அதே போன், லைன் அதே லைன், ஜெபம் அதே ஜெபம். மாறியது நான் மட்டும்.

எப்படி என்று சொல்கிறேன். நான் முன்பாதியை முடிக்கிறேன், ஃபாத்திமா உடனே பின்பாதியைத் தொடங்குகிறாள். என் குரலும் அவள் குரலும் ஒரே பஸ்ஸில் ஏறிப் பெங்களூரு போகின்றன. வழியில் எவ்வளவு தாமதமானாலும் சேர்ந்தே போய் இறங்குகின்றன. ரோசி அங்கே அம்மாவோடு சேர்ந்துகொள்கிறாள். அவளுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் அவள் குரல் திரும்பி வர இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். எங்களிடம் வந்து சேரும்போது போன தாமதம், வந்த தாமதம் என்று இரண்டு தாமதம் ஆகிவிடுகிறது. அதனால் ஃபாத்திமாவுக்கு மகள் பின்தங்குவது போலக் கேட்கிறது. பாவம் பிள்ளை வரட்டும் என்று நிதானிக்கிறாள். அந்த நிதானமும் பெங்களூரு போகிறது. அம்மா இழுக்கிறார்களே என்று ரோசியும் இழுக்கிறாள். அது திரும்பி வருகிறது. ஃபாத்திமா இன்னும் நிதானிக்கிறாள். ஒருத்திக்காக ஒருத்தி காத்திருந்து காத்திருந்தே வண்டி நின்றுவிடுகிறது. இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். தூரத்தில் இருப்பவர்கள் சேர்ந்து சொல்ல முடியாது. மாறி மாறித்தான் சொல்ல முடியும். ஒரு பாதி முழுவதும் ஒரே ஊரிலிருந்து வர வேண்டும். நானும் ஃபாத்திமாவும் ஒரே ஊர். ரோசி இன்னொரு ஊரில் தனி. முன்பாதி ஒருவர் மட்டும் சொல்வது. அப்படியானால் முன்பாதி யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை.

தெரிந்த பிறகும் நான் கையில் பிடித்திருந்த மணியை விடவில்லை. அப்பா என்னிடம் விட்டுப்போனது ஒரு வீடு, ஒரு கைக்கடிகாரம், இந்த முன்பாதி. நான் போன பிறகு அது ரோசிக்குப் போகும் என்று எப்போதோ நினைத்து வைத்திருந்தேன். இருக்கும்போதே போகும் என்று நினைக்கவில்லை.

போனில் ரோசி தொண்டையைச் செருமினாள். "பரவால்லீங்கப்பா. நாளையில இருந்து வேணும்னா நான்..."

"இரு சாமி" என்றேன். "நீ சொல்லு. முன்பாதி நீயே சொல்லு."

"நீங்க இருக்கையில நான் எப்படிங்கப்பா?"

"நான் பின்பாதிக்கு வாரேன்."

"இன்னைக்கு மட்டுங்களா?"

"நீ அங்க இருக்கற வரைக்கும்."

அவள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து என்னைப் பார்த்தாள். ஃபாத்திமாதான் பேசினாள்: "அப்பா இனி உனக்குக் கிளீனரு. ஸ்டியரிங்கை நீ புடி. பள்ளம் பாத்து ஓட்டு கண்ணு."

ரோசி சிரித்தாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு ஜெபத்துக்கு நடுவில் சிரித்தாள். சிரித்து முடித்து, முன்பாதியை எடுத்தாள். நானும் ஃபாத்திமாவும் தோளோடு தோளாக உட்கார்ந்து பின்பாதியைச் சொன்னோம். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் சேர்ந்து வாய்விட்டுப் பின்பாதி சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஃபாத்திமா 'வேண்டிக்கொள்ளும்' என்பதற்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு எடுக்கிறாள். இத்தனை வருஷம் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டதில் எனக்கு அது தெரியவில்லை.

மிச்சம் ஒரு கோளாறு இருந்தது. தொடக்கத்தில் நம்பிக்கையை அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணமும் கடைசிப் பாட்டும் எல்லாரும் சேர்ந்து சொல்ல வேண்டியவை, அவற்றுக்குப் பாதி இல்லை. அங்கே மட்டும் மறுபடி இழுத்தது. அதற்கும் ஒரு வழி பார்த்து, ரோசியிடம் கேட்டேன்: "அந்த எடத்துல எங்க மைக்கை அணைச்சுட்டா, நாங்க உங் கொரலோட சேந்துக்கலாம். ஆனா உனக்கு எங்க சத்தம் கேக்காது. பரவால்லயா?"

"வாய் அசையறது தெரியுமுல்லீங்க? அம்மா வாய் லேட்டாத்தான் அசையும், ஆனா அசையும்" என்றாள். பிறகு, "கேக்காட்டியும் நீங்க சொல்லீட்டுத்தான் இருப்பீங்கன்னு தெரியுமுங்கப்பா" என்றாள்.

இப்போது எங்கள் வீட்டில் தினமும் இப்படித்தான் நடக்கிறது, எங்கும் நிற்பதில்லை. தூரத்தில் பிள்ளை இருக்கும் யாரும் செய்து பார்க்கலாம். தனியாக இருப்பவர் முன்பாதி சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து பின்பாதி சொல்ல வேண்டும். மறுபக்கத்தின் கடைசிச் சொல் காதில் விழுந்த பிறகுதான் அடுத்ததைத் தொடங்க வேண்டும். எல்லாரும் சேர்ந்து சொல்லும் இடத்தில் வீட்டுப் பக்கத்து மைக்கை அணைத்துவிட வேண்டும், வீட்டில் இருப்பவர்கள் பிள்ளையின் குரலைக் கேட்டு அதன் பின்னால் போக வேண்டும்.